அழுகையும் அரக்கர்களும்: 'ரெயின்போ' பார்த்தவர்கள் சொல்வதும் நான் சொல்ல நினைப்பதும்

'ரெயின்போ: நிஷா ரொக்குபோ நோ ஷிச்சினின்' என்னும் ஜப்பானிய அனிமேத் (அசைவூட்டப் படத்) தொடரைப் பார்த்து முடித்தவர்களிடம் பேச்சுக் கொடுத்தால் அநேகமாக இரண்டில் ஒரு பதில்தான் வரும். ஒரு சாரார், வாழ்நாளில் எந்தத் தொடருக்கும் இப்படி அழுததில்லை என்பார்கள். மறு சாரார், பார்க்கிறவனை அழ வைத்தே தீருவது என்று கங்கணம் கட்டிக்கொண்டு எடுத்திருக்கிறார்கள் என்று அலுத்துக்கொள்வார்கள். விசித்திரம் என்னவென்றால், இரு சாராரும் சாட்சிக்குக் கூப்பிடுவது ஒரே காட்சிகளைத்தான். சிறுவர்கள் கட்டிப்பிடித்துக் கதறும் இடம், காவலர் தடியை ஓங்கும் இடம், பின்னணியில் ஒரு பெண் குரல் அவர்களின் வேதனையை எடுத்துச் சொல்லும் இடம் என்று அந்தப் பட்டியல் இருவருக்கும் பொதுவானது. 2010 ஏப்ரலிலிருந்து செப்டம்பர் வரை நிப்பான் தொலைக்காட்சியில் பின்னிரவு நேரத்தில் 26 பகுதிகளாக வந்த தொடர் இது. மேட்ஹவுஸ் நிறுவனம் தயாரிக்க, கோஜினா ஹிரோஷி இயக்கினார். வந்து இத்தனை ஆண்டுகள் ஆன பிறகும், புதிதாகப் பார்க்கிறவர்கள் பத்துக்கு எட்டுக்குக் குறையாமல் மதிப்பெண் போடுகிறார்கள், சண்டையும் ஓயவில்லை.

என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்தத் தொடரின் அழுகையில் எனக்குக் குறை எதுவும் தெரியவில்லை. அதன் கெட்டவர்களைப் படைத்த விதத்தில்தான் குறை இருக்கிறது. அந்தக் குறையைத்தான் பெரும்பாலான பார்வையாளர்கள் ரசிக்கிறார்கள். பலரும் தொய்வு என்று ஒதுக்கித் தள்ளும் பிற்பாதியோ, எனக்குத் தொடரின் ஆகச் சிறந்த பகுதியாகத் தோன்றுகிறது. இதை விளக்க வேண்டுமானால் கதையின் முக்கியமான திருப்பங்களைச் சொல்லாமல் முடியாது. கதை தெரிந்துவிடக் கூடாது என்று நினைப்பவர்கள் தொடரைப் பார்த்துவிட்டு வரலாம்.

எனக்கு இதை அறிமுகப்படுத்தியவன் என் சித்தி மகன். ஏறக்குறைய எல்லா அனிமேக்களையும் பார்த்து முடித்தவன் என்று குடும்பத்தில் பெயரெடுத்தவன். "அண்ணா, முதல் மூணு எபிசோடைப் பல்லைக் கடிச்சுக்கிட்டுப் பாத்துருங்க, அதுக்கப்புறம் நீங்களே நிறுத்த மாட்டீங்க" என்றான். பல்லைக் கடித்துக்கொள்ள வேண்டும் என்று அவன் சொன்னதற்குக் காரணம் முதல் பகுதியின் முதல் சில நிமிடங்களிலேயே விளங்கிவிட்டது.

ஆண்டு 1955. பதினாறு, பதினேழு வயதுள்ள ஆறு சிறுவர்களைக் கைவிலங்கிட்டு ஷோனான் சிறப்புச் சிறார் திருத்தப் பள்ளிக்குக் கொண்டுவருகிறார்கள். ஆசிரியரைத் தாக்கியதற்காக வந்தவன் ஒருவன், ஏமாற்றுவேலை செய்து பிடிபட்டவன் ஒருவன் என்று ஆளுக்கொரு வழக்கு. வந்த உடனே ஆடைகளை எல்லாம் களையச் சொல்லி வரிசையாக நிறுத்துகிறார்கள். உடலில் எதையாவது ஒளித்துக் கொண்டுவருகிறார்களா என்று பார்ப்பதற்கான சோதனைதான் அது. ஆனால் அந்தச் சோதனையைச் செய்யும் மருத்துவர் சசாகியின் கைகளும், பக்கத்தில் நிற்கும் காவலர் இஷிஹாராவின் முகமும் காட்டப்படுகிற விதத்திலேயே, இங்கே நடப்பது சோதனை மட்டும் இல்லை என்பது நமக்குத் தெரிந்துவிடுகிறது. பிறகு அவர்களை இரண்டாம் கட்டடத்தின் ஆறாம் அறையில் தள்ளிக் கதவைப் பூட்டுகிறார்கள். அங்கே ஏற்கெனவே ஒருவன் இருக்கிறான். அவர்களைவிடச் சற்றே மூத்தவன், குத்துச்சண்டை தெரிந்தவன், பெயர் சாக்குராகி ரொக்குரோத்தா. புதியவர்கள் அவன்மீது பாய்கிறார்கள். ஆறு பேரும் அடிபட்டுக் கிடக்கிறார்கள். சிகரெட் துண்டைக் குறிக்கும் சொல்லைத்தான் இந்தப் பகுதிக்குத் தலைப்பாக வைத்திருக்கிறார்கள். அந்த அறையில் ஒரு சிகரெட் துண்டு எவ்வளவு பெரிய சொத்து என்பதில் தொடங்கி, அடித்தவனை 'அண்ணன்' என்று அடிபட்டவர்கள் அழைக்கத் தொடங்குவது வரை கதை வேகமாக நகர்கிறது. ஏழு பேரும் ஒரு குடும்பம் ஆகிவிடுகிறார்கள். தொடரின் நீண்ட பெயர் இந்த ஏழு பேரைத்தான் குறிக்கிறது.

பார்வையாளர்களில் ஒரு பங்கினர் உடற்சோதனைக் காட்சியோடு தொடரை மூடிவிடுகிறார்கள். அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. தாண்டி வருபவர்களில் மிகப் பலர் உடனே கைக்கொள்ளும் சொல் 'உண்மை'. இது நடந்த கதை, எழுதியவரே உள்ளே இருந்தவர், ஆகவே மிகை என்று சொல்ல யாருக்கும் தகுதி இல்லை என்பது அவர்கள் வாதம்.

இதில் பாதி சரி. அனிமேக்கு மூலமான மங்காவின், அதாவது ஜப்பானியப் படக்கதையின், கதையை எழுதியவர் ஆபே ஜோஜி. ஓவியம் காகிசாகி மசாசுமி. 2002இலிருந்து 2010 வரை வெளிவந்து 22 தொகுதிகளாக நிறைந்த அந்த மங்காவுக்கு ஷோகாக்குகான் மங்கா விருதும் கிடைத்தது. ஆபே 1937இல் வசதியான குடும்பத்தில் பிறந்தவர். பள்ளிப் பருவத்திலேயே யாக்குசா எனப்படும் ரௌடிக் கும்பலோடு சேர்ந்து, இடையில் ஜப்பான் ஏர்லைன்ஸ் விமானங்களில் பணியாளராகவும் இருந்து, பலமுறை சிறைக்குப் போய்வந்து, 1986இல் சிறையில் தம்மோடு இருந்தவர்களைப் பற்றி எழுதிய நூலால் ஒரே நாளில் பிரபலமானவர். 2019இல் காலமானார். 1955இல் அவருக்கு வயது பதினெட்டு. கதைச் சிறுவர்களின் வயதுதான், ஒன்றிரண்டு கூடக்குறைய. ஆகவே சிறைக்குள் மனிதர்கள் எப்படிப் பேசுவார்கள், எதற்குப் பயப்படுவார்கள், எதைப் பதுக்குவார்கள் என்பதெல்லாம் அவர் பிறரிடம் கேட்டு எழுதியது இல்லை. ஆனால் உள்ளே இருந்தவர் எழுதினார் என்பதால் ஒரு கதையின் ஒவ்வொரு சம்பவமும் நடந்ததாகிவிடாது. தம் புகழ்பெற்ற நூலில் சிறையையும் சிறைவாசிகளையும் பற்றி வேடிக்கையும் நக்கலுமாகப் பேசியவர், பதினாறு வயதுச் சிறுவர்களைப் பற்றி எழுதும்போது மட்டும் கண்ணீரைத் தேர்ந்தெடுத்திருக்கிறார் என்றால், அது கலைஞர் ஒருவர் யோசித்து எடுத்த முடிவு. அந்த முடிவைத்தான் நாம் எடைபோட வேண்டும்; 'உண்மை' என்ற முத்திரையைக் காட்டி வாயை மூடச் சொல்வது தொடருக்கும் நியாயம் செய்யாது.

காலத்தைப் பொறுத்தவரை உண்மை என்ற சொல் நன்றாகவே பொருந்துகிறது. இந்தச் சிறுவர்கள் பிறந்தது 1938, 1939 வாக்கில்; போர் முடிந்தபோது ஆறேழு வயது. 1948 பிப்ரவரியில் ஜப்பானிய அரசு எடுத்த கணக்கெடுப்பில் பெற்றோரை இழந்த பிள்ளைகள் 1,23,511 பேர் என்று தெரியவந்தது. டோக்கியோவின் உவேனோ ரயில் நிலையச் சுரங்கப் பாதைகளில் அப்படிப்பட்ட பிள்ளைகள் கூட்டம் கூட்டமாகப் படுத்துக் கிடந்தார்கள். ஷூவுக்குப் பாலிஷ் போட்டும் பிச்சை எடுத்தும் திருடியும் வயிற்றைக் கழுவினார்கள். அதிகாரிகள் அவ்வப்போது வளைத்துப் பிடித்து வண்டியில் ஏற்றிப் போனார்கள். 1948இல் புதிய சிறார் சட்டமும் திருத்தப் பள்ளிச் சட்டமும் இயற்றப்பட்டன. மறு ஆண்டு குடும்ப நீதிமன்றங்கள் தொடங்கின. திருத்தப் பள்ளிகளைத் தொடக்கநிலை, நடுநிலை, சிறப்பு, மருத்துவம் என நான்காகப் பிரித்தார்கள். குற்றப் போக்கு முற்றியவர்கள் என்று கருதப்பட்டவர்களுக்கானது 'சிறப்பு'. ஷோனான் அந்த வகை. போருக்குப் பிந்தைய சிறார் குற்றங்களின் முதல் உச்சம் 1951இல் வந்தது. கதை நடக்கும் 1955க்கு அடுத்த ஆண்டில் அரசின் பொருளாதார வெள்ளையறிக்கை, இனி இது போருக்குப் பிந்தைய காலம் அல்ல என்று எழுதியது. நாடு கணக்கை முடித்துக்கொண்டு புதுப் பக்கம் புரட்டிய அதே வேளையில், போரின் பாக்கி ஆறாம் அறையில் உட்கார்ந்திருந்தது. ஆபே எந்த ஆண்டைத் தேர்ந்தார் என்பதைக் கவனித்தால், பார்வையாளர்கள் சொல்லும் 'உண்மை' எங்கே இருக்கிறது என்பது தெரியும்.

இனி எதிர்க்கட்சிக்கு வருகிறேன். மிகை என்று சொல்பவர்கள் முக்கியமாக இரண்டைச் சுட்டுகிறார்கள். ஒன்று, பின்னணிக் குரல். ஹயாஷிபாரா மெகுமி என்னும் மிகத் தேர்ந்த கலைஞரின் குரல் அது; அதன் கனிவைப் பற்றி இரண்டு கருத்து இருக்க முடியாது. ஆனால் அடிபட்டுத் தரையில் சுருண்டு கிடக்கும் பையனைக் கண்ணால் பார்த்துக்கொண்டிருக்கும்போதே, அவன் உள்ளம் என்ன பாடுபட்டது என்பதையும் ஒரு குரல் சொல்ல வேண்டுமா என்று கேட்கிறார்கள். முற்பாதியைப் பொறுத்தவரை அந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. பல இடங்களில் அக்குரல் இல்லாமலே காட்சி நின்றிருக்கும்.

மற்றொன்று, ஓயாத கண்ணீர். இதில்தான் நான் வேறுபடுகிறேன். ஏழு பேர் படுத்து எழும் ஓர் அறையில் தனியாக அழுவதற்கு இடம் கிடையாது. வெளியே இருக்கும் ஒரு பதினாறு வயதுப் பையனுக்குக் குளியலறையோ மொட்டை மாடியோ ஆற்றங்கரையோ இருக்கும். அழுதுவிட்டு முகத்தைக் கழுவிக்கொண்டு ஒன்றும் நடக்காதது போல் வந்து உட்காரலாம். உள்ளே இருப்பவன் அழுதால் ஆறு பேர் பார்ப்பார்கள். அழாமல் அடக்கினால் அதையும் ஆறு பேர் பார்ப்பார்கள். மிகை நாடகத்துக்கு எப்போதும் தேவைப்படுவது உணர்ச்சிக்கு ஒரு சாட்சி. அந்தச் சாட்சியைச் சிறையறையே கட்டாயமாக ஏற்படுத்திக் கொடுத்துவிடுகிறது. கதை சொல்பவர் வலிந்து கூட்டிவந்த கூட்டம் இல்லை அது. பூட்டிய கதவு கூட்டிய கூட்டம். அத்துடன் அந்த வயதும் இருக்கிறது. முதல் நட்பு, முதல் துரோகம், முதல் சாவு என்று எல்லாமே முதல் முறையாக நடக்கும் வயதில் அளவோடு அழு என்று யாருக்குச் சொல்வது? அம்மா செண்டிமெண்ட்டுக்கும் தங்கைக்காக உயிரைக் கொடுக்கும் அண்ணன்களுக்கும் தலைமுறை தலைமுறையாகக் கண்ணீர் விட்டுப் பழகிய நாம் திடீரென்று ஜப்பானியப் பையன்கள் அழும்போது மட்டும் சுவை நுட்பம் பேசுவது எனக்குக் கொஞ்சம் சிரிப்பாகவும் இருக்கிறது.

அழுகையைப் படமாக்கிய விதத்திலும் ஓர் ஒழுங்கு இருக்கிறது. உணர்ச்சி உச்சத்துக்குப் போகும் கணத்தில் அசைவு நின்றுவிடும். பென்சிலால் அழுத்தி அழுத்திக் கோடிட்ட ஓவியம் போல அந்த முகம் உறைந்து சில நொடிகள் அப்படியே நிற்கும். செலவை மிச்சப்படுத்தப் பார்க்கிறார்கள் என்று இதைச் சிலர் கேலி செய்கிறார்கள். மேட்ஹவுஸை 1972இல் சேர்ந்து நிறுவியவர்களில் ஒருவரான தேசாகி ஒசாமு, அசைவை நிறுத்தி ஓவியமாக்கும் இந்த உத்திக்குப் பேர்போனவர். அவர் 1970இல் இயக்கிய 'அஷித்தா நோ ஜோ' தொடரின் நாயகனும் திருத்தப் பள்ளிக்குப் போய்க் குத்துச்சண்டை கற்றுக்கொண்டவன்தான். குத்துச்சண்டை தெரிந்த 'அண்ணன்', பூட்டிய அறை, உறைந்து நிற்கும் முகம் ஆகிய மூன்றையும் சேர்த்துப் பார்த்தால் ரெயின்போ எந்த வீட்டுப் பிள்ளை என்பது தெரிந்துவிடும்.

அந்தப் பழைய கதைக்குக் கிடைத்த எதிர்வினைகளை அறிந்தால், இன்றைய ரசிகர்களின் கண்ணீர் ஒன்றுமே இல்லை என்று தோன்றும். 'அஷித்தா நோ ஜோ' மங்காவில், திருத்தப் பள்ளியில் ஜோவுக்கு அறிமுகமாகி அவனுக்கு நிகரான எதிரியாக வளரும் ரிக்கீஷி தோரு, ஜோவோடு மோதுவதற்காக உடல் எடையைக் கொடூரமாகக் குறைத்து, அந்தப் போட்டியில் வென்று, அதன் முடிவிலேயே இறந்துபோகிறான். 1970 மார்ச் 24 அன்று, கோதான்ஷா பதிப்பகத்தின் அரங்கில் குத்துச்சண்டை மேடை அமைத்து, அந்தக் கற்பனைப் பாத்திரத்துக்கு இறுதிச் சடங்கு நடத்தினார்கள். நாடகக்காரரும் கவிஞருமான தெராயாமா ஷூஜி முன்னின்று நடத்திய அந்தச் சடங்குக்குச் சுமார் 700 பேர் வந்தார்கள். அடுத்த வாரமே, மார்ச் 31 அன்று, செம்படை என்ற தீவிர இடதுசாரிக் குழுவைச் சேர்ந்த ஒன்பது இளைஞர்கள் ஒரு பயணிகள் விமானத்தைக் கடத்திக்கொண்டு வடகொரியாவுக்குப் போனார்கள். அவர்கள் விட்டுச்சென்ற அறிக்கையில், நாங்கள்தான் அந்த ஜோ என்ற பொருள்பட ஒரு வரி இருந்தது. அடைபட்ட இளைஞனின் கதையைப் பார்ப்பவர்கள் அதைத் தம் கதையாக எடுத்துக்கொள்வது ஜப்பானில் நேற்று முளைத்த பழக்கம் இல்லை. அது எங்கெங்கோ போய் முடிந்தும் இருக்கிறது.

என் பிணக்கு தொடங்குவது இஷிஹாராவிடமும் சசாகியிடமும். ஒருவர் காவலர், மற்றவர் மருத்துவர். சாக்குராகிக்குத் தெரிந்த சில உண்மைகள் வெளியே வந்தால் தங்கள் வாழ்க்கை போய்விடும் என்பதால் அவன் உயிரோடு வெளியேறக் கூடாது என்று இருவரும் நினைக்கிறார்கள். இஷிஹாரா அடித்து மகிழ்கிறார். சசாகி சிறுவர்களைப் பாலியல் வதைக்கு ஆளாக்குகிறார். இவர்கள் திரையில் தோன்றும்போதெல்லாம் நிறமே மாறுகிறது, பற்கள் தெரிகின்றன, கண்கள் பிதுங்குகின்றன. பார்வையாளர்கள் இவர்களை வெறுக்கிறார்கள் என்று சொன்னால் போதாது. வெறுப்பதில் ஒரு சுகம் காண்கிறார்கள். இவர்களுக்கு எப்போது தண்டனை கிடைக்கும் என்பதுதான் முற்பாதியைக் கொண்டுசெலுத்தும் விசை. என் சித்தி மகனும், நான் பாதி வரை வந்துவிட்டேனா என்று கேட்பதற்குப் பதிலாக "இஷிஹாரா இன்னும் உயிரோட இருக்கானா?" என்றுதான் கேட்டுக்கொண்டிருந்தான்.

இந்தச் சுகத்துக்கு நாம் கொடுக்கும் விலை அதிகம். அடிப்பவர் அரக்கராக இருக்கும்போது, அவர் கையில் தடியைக் கொடுத்தது யார் என்ற கேள்வி எழாமலே போய்விடுகிறது. ஷோனானுக்கு ஒரு தலைமை அதிகாரி இருந்திருப்பார். இரவில் நடந்த அடிகளைப் பதிவேட்டில் 'தவறி விழுந்தான்' என்று எழுதிய ஒரு எழுத்தர் இருந்திருப்பார். இந்தப் பையன்களை இங்கே அனுப்பும் தாளில் கையெழுத்திட்ட நீதிபதி, கூக்குரல் கேட்டும் திரும்பிப் படுத்துக்கொண்ட மற்றக் காவலர்கள், மதிலுக்கு வெளியே வசித்த ஊர்க்காரர்கள் என்று ஒரு பெரிய கூட்டமே இருந்திருக்கும். தொடர் இவர்களை ஏறக்குறையக் கண்டுகொள்ளவே இல்லை. இஷிஹாராவும் சசாகியும் இல்லாவிட்டால் ஷோனான் ஒரு சகிக்கத்தக்க இடம்தான் போலும் என்ற எண்ணம், பார்ப்பவர் அறியாமலே மனதில் படிந்துவிடுகிறது. கண்ணீரில் மிகை இல்லை என்று சொன்ன நான் இங்கே மிகை என்று குற்றம் சாட்டுவது இதனால்தான். சிறுவர்களின் அழுகை அவர்களைப் பற்றி நமக்கு மேலும் சொல்கிறது. காவலரின் பிதுங்கிய கண் அவரைப் பற்றி எதையும் சொல்லாமல் கதவைச் சாத்திவிடுகிறது.

இதை வெறும் கதைத் தொழில்நுட்பக் குறையாக நான் நினைக்காமல் போனதற்கு ஒரு காரணம் உண்டு. மங்கா வெளிவந்துகொண்டிருந்தபோதே, 2009இல், ஹிரோஷிமா சிறார் திருத்தப் பள்ளியில் அதிகாரிகள் சிறுவர்களைத் தொடர்ந்து அடித்துத் துன்புறுத்தி வந்தது அம்பலமாகி, சிலர் கைதாகி வழக்கும் நடந்தது. அனிமேக்குப் பத்தாண்டு இருபதாண்டு முந்திய கதை இல்லை. அனிமே ஒளிபரப்பாகத் தொடங்குவதற்கு முந்தைய ஆண்டு. அதற்குப் பிறகு நிபுணர் குழு கூடி, விவாதம் நடந்து, 1948ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பதிலாக 2014இல் புதிய திருத்தப் பள்ளிச் சட்டம் வந்தது; 2015இல் நடைமுறைக்கு வந்தது. 'சிறப்பு' முதலிய பழைய பெயர்கள் போயின. வெளியாட்கள் அடங்கிய குழு ஒவ்வொரு பள்ளியையும் பார்வையிட வேண்டும், உள்ளே இருக்கும் சிறுவர் நீதித்துறை அமைச்சரிடமே முறையிடலாம் என்றெல்லாம் அதில் ஏற்பாடு செய்தார்கள். சட்டம் எழுதியவர்கள் அரக்கர்களைத் தேடிக் கண்டுபிடிப்பதோடு நிற்காமல், யாரும் எட்டிப் பார்க்க முடியாத மதிலைப் பிரச்சினையாக எடுத்துக்கொண்டார்கள். ரெயின்போவின் முற்பாதிக்கு அந்தத் தெளிவு வாய்க்கவில்லை.

சசாகியைப் பற்றி இன்னொன்றும் சொல்ல வேண்டும். ஆண் பிள்ளைகள் பாலியல் வன்முறைக்கு ஆளாவதை இவ்வளவு வெளிப்படையாகச் சொன்னதற்காகத் தொடரைப் பாராட்டும் குரல்கள் உண்டு; அது தகுந்த பாராட்டு. ஆறு பேரில் ஒருவனான, அனாதை விடுதியில் வளர்ந்த ஜோ என்ற பையனின் கதையில் அந்தக் காயத்தை எவ்வளவு பொறுமையாகக் கையாண்டிருக்கிறார்கள் என்பதைப் பார்த்தாலே போதும். அதே சமயம் சசாகியை வரைந்திருக்கும் தோரணையில், ஆண்மேல் ஆசைப்படும் ஆண் என்றாலே ஆபத்தானவன் என்ற பழைய சித்திரத்தின் சாயல் இருப்பதாகச் சில பார்வையாளர்கள் சங்கடப்படுகிறார்கள். அந்தச் சங்கடம் எனக்கும் உண்டு. பிள்ளைகளை வதைப்பவனின் குற்றம் அதிகாரத்தைப் பயன்படுத்தியதில் இருக்கிறது. தொடர் அவருடைய உதட்டையும் விரல்களையும் காட்டுவதில் செலவிட்ட நேரத்தை அந்த அதிகாரத்தைக் காட்டுவதில் செலவிடவில்லை. தொடரின் பெண்கள் பெரும்பாலும் காப்பாற்றப்பட வேண்டியவர்களாகவோ காத்திருப்பவர்களாகவோ வந்துபோகிறார்கள் என்ற குறையும் நியாயமானதே.

தொடரின் நடுப்பகுதியில் சாக்குராகி சாகிறான். இஷிஹாராவின் கையால், வெளியுலகத்துக்கு வந்து குத்துச்சண்டை வீரனாகும் கனவு கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும்போது. பார்த்தவர்கள் எல்லாரும் இந்த இடத்தைப் பற்றிப் பேசாமல் இருக்க மாட்டார்கள். சிலர் அதோடு பார்ப்பதை நிறுத்திவிட்டதாகச் சொல்கிறார்கள். அவன் இல்லாத தொடரைப் பார்க்கப் பிடிக்கவில்லையாம். எனக்கு அவன்மேல் அத்தனை மயக்கம் இல்லை. தவறே செய்யாத, தன்னைப் பற்றியே நினைக்காத, எப்போதும் தம்பிகளுக்காகவே வாழும் அண்ணன் நெஞ்சைத் தொடலாம். நெடுநேரம் சுவாரசியமாக இருப்பது கடினம். அவன் போன பிறகுதான் மற்ற ஆறு பேரின் முகங்களும் தனித்தனியாகத் தெரியத் தொடங்குகின்றன.

பிற்பாதியைப் பற்றிய முறையீடு ஏறக்குறைய ஒரே மாதிரி இருக்கும். விறுவிறுப்புப் போய்விட்டது, ஒவ்வொருவருக்கும் இரண்டு மூன்று பகுதி என்று பிரித்துக் கொடுத்துவிட்டார்கள், வில்லன் இல்லை, எங்கே போகிறதென்றே தெரியவில்லை. உண்மைதான், வில்லன் இல்லை. வெளியே வந்த ஆறு பேரும் பிழைப்புத் தேடுகிறார்கள், அவ்வளவுதான் கதை. ஜோ பாடகனாக முயல்கிறான். ஹெய்தாய் என்று நண்பர்கள் அழைக்கும் பையன், 1954இல்தான் தொடங்கப்பட்ட தற்காப்புப் படையில் சேர்கிறான். க்யாபெத்சு என்ற பெருத்த உடல்காரனை மல்யுத்தம் இழுக்கிறது. தெருமுனையில் வைத்த தொலைக்காட்சிப் பெட்டிகளின் முன்னால் ரிக்கிதோசானின் மல்யுத்தத்தைப் பார்க்க ஆயிரக்கணக்கானவர்கள் முண்டியடித்த காலம் அது. சுப்போன் காசை எண்ணி எண்ணிச் சேர்க்கிறான். வலக்கை பழுதாகிப்போன மாரியோ, அண்ணனிடமிருந்து பெற்ற குத்துச்சண்டைக் கனவை விட முடியாமல் அலைகிறான்.

ஜப்பானியச் சட்டத்தில் ஒரு நுட்பம் இருக்கிறது. திருத்தப் பள்ளிக்கு அனுப்புவது தண்டனை ஆகாது. பாதுகாப்பு நடவடிக்கை என்றுதான் அதற்குப் பெயர். ஆகவே அது குற்றத் தண்டனைப் பதிவாகவும் கணக்கில் வராது. 1948ஆம் ஆண்டுச் சிறார் சட்டத்தின் 61ஆம் பிரிவு, இப்படிப்பட்ட சிறுவர்களை அடையாளம் காட்டும் பெயரையோ படத்தையோ பத்திரிகைகள் வெளியிடக் கூடாது என்றும் சொல்கிறது. தாளில் பார்த்தால், ஆறு பேரும் எந்தக் கறையும் இல்லாமல் வெளியே வந்தவர்கள். பிற்பாதி முழுக்க நாம் பார்ப்பதோ, அந்தத் தாளுக்கும் தெருவுக்கும் இடையே உள்ள தூரத்தை. எங்கே இருந்தாய், யார் வளர்த்தார்கள், இத்தனை ஆண்டு என்ன செய்தாய் என்று சாதாரண மனிதர்கள் சாதாரணமாகக் கேட்கும் கேள்விகளுக்கு இவர்களிடம் சொல்லத்தக்க பதில் இல்லை. கேட்பவர்கள் யாரும் அரக்கர்கள் இல்லை. வேலைக்கு ஆள் எடுப்பவர், வாடகைக்கு அறை கொடுப்பவர், மகளைக் கட்டிக்கொடுக்க யோசிப்பவர் என்று நம்மைப் போன்றவர்கள்தான். முற்பாதியில் இஷிஹாராவின் பின்னால் மறைந்துகொண்ட கூட்டம் இங்கே வெளிச்சத்துக்கு வருகிறது. அதைப் பார்க்கும்போது வெறுத்துச் சுகம் காண வழியில்லாமல் போகிறது. விறுவிறுப்பு இல்லை என்று பார்வையாளர்கள் சொல்வது இந்தச் சுகம் கிடைக்காமல் போனதைத்தான் என்று நினைக்கிறேன்.

இங்கே அழுகையின் தன்மையும் மாறுகிறது. இப்போது ஆளுக்கொரு அறை, ஆளுக்கொரு வேலை. ஒருவனுக்கு அடி விழுந்தால் மற்ற ஐந்து பேருக்கும் தெரிவதற்குள் நாளாகிவிடுகிறது. ஒருவரையொருவர் தேடிக்கொண்டு போய், கையில் இருப்பதைப் பகிர்ந்து, மறுபடியும் ஒரே அறையில் நெருக்கியடித்து உட்காரும் காட்சிகளில், இவர்கள் தங்கள் சிறையறையைத் தாங்களே விரும்பிக் கட்டிக்கொள்வது போல இருக்கிறது. இதைச் சகோதர பாசம் என்று மட்டும் சொல்லி நெகிழ்பவர்களும் உண்டு, ஒரே உணர்ச்சியைத் திரும்பத் திரும்பப் பிழிகிறார்கள் என்று எரிச்சல்படுபவர்களும் உண்டு. எனக்கு அதில் ஒரு பயமும் தெரிந்தது. அந்த அறைக்கு வெளியே இவர்களுக்கு யாரிடமும் முழுதாகப் பேச வராது. தங்களைத் தெரிந்தவர்கள் உலகத்தில் ஐந்தே பேர் என்ற கணக்கோடு வாழ்கிறார்கள்.

முற்பாதியில் எனக்கு இடைஞ்சலாக இருந்த பெண் குரலும் பிற்பாதியில் தன் வேலையைக் கண்டுபிடித்துக்கொள்கிறது. இப்போது அது வலியை விளக்குவதைக் குறைத்துக்கொண்டு, காலத்தைச் சொல்கிறது. எந்த ஆண்டு, யார் எங்கே வேலைக்குச் சேர்ந்தான், எத்தனை மாதம் ஒருவரையொருவர் பார்க்காமல் இருந்தார்கள் என்று ஒரு வீட்டுக் கணக்கைப் போலச் சொல்லிக்கொண்டு போகிறது. கண்ணால் பார்க்க முடியாததைச் சொல்வதால் அக்குரல் அங்கே தேவைப்படுகிறது.

அனிமே 26 பகுதிகளோடு நின்றுவிட்டது. மங்கா இவர்களின் வாழ்க்கையை அதற்கு அப்பாலும் பின்தொடர்ந்து போகிறது. சாக்குராகி செத்த இடத்தோடு தொடரை விட்டவன்தான் என் சித்தி மகன் என்பது, நான் முழுவதும் பார்த்து முடித்த பிறகுதான் தெரியவந்தது. மிச்சத்தையும் பார் என்றேன். "அதுல இஷிஹாரா மாதிரி யாராச்சும் வர்றாங்களா அண்ணா?" என்று கேட்டான். வீட்டு வாடகை கேட்கிறவர் வருவார் என்றேன். யோசித்துச் சொல்வதாகச் சொல்லியிருக்கிறான்.